நெத்திலி நெல்டாவும் எட்டாவது வளைவும்

ரொக்காசோரா என்ற எங்கள் மலைக் கிராமத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நெல்டா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய பேருந்தின் முன்கதவில் ஒரு மீன் இருக்கும். கதவின் மேல்முனையிலிருந்து கீழ்ப்படி வரை நீண்ட நெத்திலி. நீல முதுகு, வெள்ளி வயிறு, கண் மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வரைந்தது அக்காதான். ஊராட்சி வண்டியில் படம் போடக் கூடாது என்று விதி உண்டு. அந்த விதியை எடுத்துச் சொல்ல வேண்டியவன், ஊராட்சி அலுவலகத்தில் நிலப்பதிவேட்டுக்குப் பொறுப்பாக இருக்கிற நான். எட்டு வருஷம் அந்தக் கதவில் ஏறி இறங்கிப் படித்தவன் எந்த வாயால் சொல்வது?

எங்கள் ஊரில் எல்லோருமே அபெல்லோதான். கல்லறைத் தோட்டத்தில் நின்று அபெல்லோ என்று கூப்பிட்டால் பாதிப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள். அதனால் குடும்பப் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, அதுதான் புழக்கம். நாங்கள் கோணக்கதவு வீடு. எதிர்வீடு இரட்டைப் புகைபோக்கி. என் அப்பாவுக்குப் பத்திரத்தில் என்ன பெயர் என்பதை நான் பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்தில்தான் முதலில் பார்த்தேன். கோணக்கதவு வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வரை போய்ப் பட்டம் வாங்கியது நான் ஒருவன்தான். அப்பா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சமையலறையில், பாலாடைக்கட்டி அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறார். பட்டம் வாங்கியவனை டாக்டர் என்பது எங்கள் நாட்டு வழக்கம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என்னால் ஒரு இருமலைக்கூட நிறுத்த முடியாது.

நெல்டா அக்காவின் வீடு நெத்திலி வீடு. எங்கள் மாயிரா பள்ளத்தாக்கில் பலரும் செய்த தொழில் அது. பனி விழ ஆரம்பித்ததும் உப்பு நெத்திலிப் பீப்பாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சமவெளிச் சந்தைகளுக்குப் போவார்கள். அக்காவின் அப்பாவுக்குக் கண்பார்வை மங்கியபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது. உரிமம் வாங்கிய மறுநாளே மீன் வண்டியை அவர்தான் ஓட்டினார். சந்தையில் பீப்பாயைத் திறந்தால் அக்காவின் வகுப்புத் தோழர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். பின்னால் மீன் வியாபாரம் படுத்தது. அக்கா பள்ளிப் பேருந்துக்கு வந்தார். முதல் நாளே ஒரு பொடியன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குள்ளே மீன் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பெயின்ட் டப்பாவோடு வந்து கதவில் நெத்திலியை வரைந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்.

"மீன் எங்க இருக்குன்னு யாரும் மோந்து பாத்துட்டு இருக்க வேணாம். கதவுலயே இருக்கு."

நான் போன காலத்தில் பேருந்தில் பத்தொன்பது பிள்ளைகள். போன வருஷம் மூன்று.

அக்காவைச் சைக்கிள் பக்கம் திருப்பியது இரண்டு ஜெர்மன்காரர்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால், மதிய நேரத்தில், டயர் கிழிந்த மலை சைக்கிள்களோடு சாலை ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு. அக்கா நிறுத்தி, அவர்களைச் சைக்கிளோடு பிள்ளைகளுக்கு நடுவே ஏற்றினார். எந்தச் சாலை வழியாக வந்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, சாலையில் வரவில்லை, மேலே கணவாயிலிருந்து உங்கள் பாதையில்தான் இறங்கினோம் என்று கையால் காட்டினார்கள். அவர்கள் காட்டியது பழைய கோவேறு கழுதைப் பாதை. சாலை வந்தபிறகு அதில் ஆடுகூடப் போனதில்லை. அப்படி ஒரு பாதை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே அக்காவுக்குச் செய்தி.

அடுத்த ஞாயிறு அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். கணவாயிலிருந்து ஊர் வரை தொள்ளாயிரம் மீட்டர் இறக்கம், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். முள்ளை வெட்டிக்கொண்டே போனபோது மண்வெட்டி ஓரிடத்தில் கல்லில் பட்டது. பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்த ஒரு கல்வரிசை. பன்னிரண்டு எட்டு நடந்தால் இன்னொன்று. அதற்குப் பிறகும் அதே பன்னிரண்டு எட்டு. மழைத் தண்ணீர் பாதையில் ஓடி மண்ணை அரிக்காமல் பக்கவாட்டில் தள்ளிவிடுகிற வடிகால் கற்கள் அவை. அக்கா புதிதாக எதையும் கட்டவில்லை. பன்னிரண்டு எட்டு வைப்பார், தோண்டுவார், கல் இருக்கும். மூன்று கோடைக்காலம் இப்படியே போனது.

பிறகு பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, தானே ஓட்டிப் பார்த்தார். ஐந்தாவது வளைவில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்கு அந்த மாதம் நல்ல பொழுதுபோக்கு. கட்டை அவிழ்த்த வாரமே மறுபடி ஏறினார். கல்லைப் பார்த்தால் கல்லுக்குத்தான் போகும், போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் சக்கரம் தானே போகும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குத் தேறினார். வருகிறவர்களும் கூடினார்கள். அப்பாவின் பழைய மீன் வண்டியில்தான் அவர்களைச் சைக்கிளோடு கணவாய்க்கு ஏற்றிப் போவார். மியூனிக் வரைக்கும் நெத்திலி வாசனையோடு போனவர்கள் உண்டு.

போன செப்டம்பரில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. ஜூனோடு எங்கள் பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள், மூன்று பிள்ளைகளையும் கீழூர் வண்டி கூட்டிக்கொண்டு போகும் என்பது ஒன்று. மலைப் பாதைகளைச் சைக்கிளுக்கென்று முறைப்படி பதிவு செய்கிறார்கள் என்பது மற்றது. எங்கள் பாதை பதிவானால் ஊராட்சி அந்தப் பேருந்தையே, பின்னால் சைக்கிள் டிரெய்லர் மாட்டி, அக்காவிடம் விட்டுவைக்கும். பதிவாகாவிட்டால் பேருந்து கீழூருக்கு, அக்கா சமவெளிக்கு. ஒரு பழக் கிடங்கிலிருந்து ஜூலை ஒன்றாம் தேதி வேலைக்குச் சேரும்படி கடிதமும் வந்துவிட்டது. அதை அக்கா பேருந்தின் கண்ணாடிக்கு மேல் சொருகி வைத்திருந்தார். பிள்ளைகள் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

பதிவுக்கு ஒரே நிபந்தனை. பாதை யார் யார் நிலத்தின் வழியாகப் போகிறதோ, அத்தனை பேரும் மே முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

பதிவேட்டைப் புரட்டி நாற்பத்தொரு பெயர்களை எழுதிக் கொடுத்தேன். அக்கா கிளம்பினார். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் ஒரே மேசையில் உட்கார்ந்து தனித்தனித் தாளில் கையெழுத்திட்டார்கள். தூரினில் கன்னியர் மடத்தில் இருந்த ஓர் அம்மா, இறங்குகிறவர்கள் ஒரு செபமாவது சொல்ல வேண்டும் என்றார். அதெல்லாம் எட்டாவது வளைவில் எல்லோரும் சொல்கிறார்கள் என்று அக்கா பதில் சொல்லி வாங்கி வந்தார். பிப்ரவரிக்குள் நாற்பது ஆகிவிட்டது.

மிச்சம் ஒன்று. புல எண் 214. எட்டாவது வளைவே அந்தத் துண்டில்தான் இருக்கிறது. நடந்தால் எண்பது தப்படி நீளம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், சுற்றிப் போக வழி கிடையாது. பதிவேட்டில் இருந்த பெயர் மான்யோ அபெல்லோ, தந்தை பெயர் கொஸ்தான்சோ. எங்கள் ஊர்க் குடியிருப்போர் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை. கணினியில் நான்கு விதமாகத் தேடினேன், இல்லை.

அப்போது அக்கா போய் உட்கார்ந்த இடம் பிரெஞ்சுக்காரரின் வீடு. ஊரின் மேல்கோடியில் தனியாக இருக்கிறவர். எண்பத்தொரு வயது, தலையில் எப்போதும் வட்டத் தொப்பி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, உறவில்லாவிட்டாலும் அக்காவுக்குச் சித்தப்பா. இளவயதில் ஒரு குளிர்காலம் நீஸ் நகரத்தில் வேலை பார்த்ததால் பிரெஞ்சுக்காரர். செத்துப்போன அபெல்லோக்கள் எல்லோரையும் அவருக்கு நினைவிருக்கிறது. வியாழக்கிழமை பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும் என்பதால் அக்கா வியாழன்தோறும் அவர் வீட்டில் இருப்பார். மக்காச்சோளக் களி கிண்டுவார்கள், சீட்டு ஆடுவார்கள். அவர் சொல்லச் சொல்ல அக்கா குறிப்பெடுப்பார்.

மான்யோ என்று ஊரில் மூன்று பேர் இருந்தார்களாம். ஒருவன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. ஒருவன் மார்செய் நகரத்தில் கிணற்றில் விழுந்து செத்தான். ஒருவன் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினான். மார்செய் தேவாலயத்துக்கு அக்கா மூன்று கடிதங்கள் எழுதினார். பிரெஞ்சுக்காரரே பிழை திருத்திக் கொடுத்தார். அர்ஜென்டினாவுக்கு நான் எழுதினேன்.

மார்செய் தேவாலயத்திலிருந்து பதில் இல்லை. மே மாதம் மூன்றாம் வாரம் அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து ஒரு உறை வந்தது. கிராசியேலா என்ற பெண் எழுதியிருந்தாள். அவளுடைய தாத்தா மான்யோ அபெல்லோதான், ஆனால் அவருடைய அப்பா பெயர் ஜாக்கமோ. கொஸ்தான்சோவின் மகன் மான்யோ, தாத்தாவின் சித்தப்பா மகன், அவர் கப்பலேறவே இல்லை, ஊரிலேயே இருந்துவிட்டார் என்று எழுதி, ஒரு புகைப்படமும் வைத்திருந்தாள். கழுதைப் பாதையில் இரண்டு வாலிபர்கள். ஒருவன் வெறுந்தலை. இன்னொருவன் வட்டத் தொப்பியைச் சாய்த்துப் போட்டு, வாயில் சிகரெட்டோடு நிற்கிறான். பின்பக்கத்தில் யாரோ ஒரு பெண் எழுதிய வரி: 'எங்கள் மான்யோவும் அவர்கள் மான்யோவும். நீஸிலிருந்து அவன் திரும்பி வந்த வாரம்.'

அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பாரா கத்துவாரா என்று தெரியாமல் நான் நின்றேன். கையெழுத்து வாங்க அலுவலகத்தின் ஆள் சாட்சி வேண்டும், கிளம்பு என்று மட்டும் சொன்னார்.

வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. பிரெஞ்சுக்காரருடைய குடியிருப்புப் பதிவு கீழூரில், தங்கை வீட்டு முகவரியில் இருந்திருக்கிறது. ஓய்வூதியமும் கடிதங்களும் அங்கேதான் போகின்றன. என் கணினியில் அவர் இல்லை. என் ஜன்னலுக்கு எதிரே நீரூற்றில் தினமும் காலை குடம் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். படித்த நான் ஒருநாளாவது அவருடைய பெயரைக் கேட்டிருக்கலாம்.

பிரெஞ்சுக்காரர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன நெத்திலி, இன்னைக்கு செவ்வாக்கெழமைதானே?"

அக்கா படத்தை மேசைமேல் வைத்தார். அவர் கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, எடுத்துப் பார்த்தார்.

"தொப்பி நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார் கடைசியில்.

"சித்தப்பா, மார்செய்ல கெணத்துல விழுந்தது யாரு?"

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"நான் மூணு கடுதாசி எழுதினேன்."

"நல்லா எழுதியிருந்தே. ரெண்டாவதுலதான் ஒரு எழுத்துப் பிழை."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். சைக்கிள் வரக் கூடாது என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே, ஏன் இத்தனை மாதம் அலையவிட்டீர்கள் என்று கேட்டார். சைக்கிள்மேல் தனக்கு ஒரு விரோதமும் இல்லை என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டாக்டரே, நான் கையெழுத்துப் போட்டா அப்புறம் என்ன நடக்கும்?"

விதிப்படி நில உரிமையாளர்களின் முழுப்பெயர்ப் பட்டியல் பதினைந்து நாள் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்றேன்.

"அதான்," என்றார். அதற்குமேல் விளக்க வேண்டியதே இல்லை என்பதுபோல் மறுபடி கிழங்கை எடுத்தார்.

எங்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புனித மான்யோ கால்நடைகளின் காவலர். எங்கள் பக்கத்துச் சிற்றாலயங்களின் சுவரில் எல்லாம் அவருக்குப் பக்கத்தில் ஒரு பசு நிற்கும்.

"வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கறப்போ என் பேரு வரும்," என்று கத்தியைக் கீழே வைத்தார். "முப்பது பேரும் ஒண்ணா ம்மான்னு கத்துவானுங்க. வாத்தியாரும் சிரிப்பாரு. கோயில்ல, சந்தையில, பொண்ணுங்க நிக்கற எடத்துல, எங்க போனாலும் ம்மாதான். நீஸ்ல ஒரு ஓட்டல்ல கொதிகலன் அறையில வேலை. அங்க எவனுக்கும் அந்தச் சாமியத் தெரியாது. திரும்பி வர்றப்போ தொப்பி ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு வந்தேன். பாலத்துக்கிட்ட எவனோ ஒருத்தன், பிரெஞ்சுக்காரன் வர்றான் பாருன்னான். அன்னிக்கோட அந்த மாடு செத்துச்சு."

"அறுபது வருசம் ஆச்சு சித்தப்பா."

"நல்லபடியா செத்த மாட்ட எதுக்குத் தோண்டி எடுக்கணும்?"

"கத்தினவங்க முப்பது பேரும் இப்ப எங்க?"

"கல்லறைத் தோட்டத்துல. கடைசி ஆளு போன குளிருக்குப் போனான்." கொஞ்சம் திருப்தியோடுதான் சொன்னார். "உன் பஸ்லதான் இன்னும் மூணு இருக்கே."

"அதுங்க கத்தும்," என்றார் அக்கா. "நான் பொய் சொல்ல மாட்டேன், கண்டிப்பா கத்தும். என்னப் பாத்தும் மூக்கப் புடிச்சுதுங்க. கதவுல மீனப் போட்டேன். இப்ப மழை பேஞ்சா அதுங்களே மீனோட கண்ணத் தொடச்சு விடுதுங்க."

பிரெஞ்சுக்காரர் யோசிக்க வேண்டும் என்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். தேதி மே பத்தொன்பது.

பழக் கிடங்கைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று வழியில் கேட்டேன். அவருக்குத் தெரியும், சீட்டு ஆடும்போது அந்தக் கடிதத்தை அவரே இரண்டு தடவை படித்தார் என்றார் அக்கா. தெரிந்தே பேசாமல் இருந்தால் அந்த ம்மா சத்தம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள், நான் அதன்மேல் என் வேலையையும் ஏற்றி வைக்க மாட்டேன் என்றார்.

வியாழக்கிழமை அக்கா வழக்கம்போல் அவர் வீட்டுக்குப் போனார். கையெழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த வியாழனும் போனார், அது மே இருபத்தெட்டு. களி தின்று, மூன்று ஆட்டம் ஆடி, மூன்றிலும் தோற்றார். சீட்டைக் கலைத்துக்கொண்டே பிரெஞ்சுக்காரர் கேட்டாராம், தேடின ஆள்தான் கிடைத்துவிட்டானே, இன்னும் எதற்கு வருகிறாய் என்று.

"ஆளு கெடச்சா என்ன? வியாழக்கெழமை வந்துகிட்டுத்தானே இருக்கு," என்றாராம் அக்கா.

மறுநாள் காலை நான் அலுவலகத்தைத் திறந்தபோது பிரெஞ்சுக்காரர் படியில் நின்றிருந்தார். தொப்பியைத் துலக்கி, கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். படிவத்தை நீட்டினேன். குடும்பப் பெயரைக் கிறுக்கலாக எழுதினார். மான்யோ என்பதை மட்டும் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோல், முதல் எழுத்துக்கு ஒரு சுழி வைத்து, நிதானமாக எழுதி முடித்தார். பட்டியலை என்ன அளவு எழுத்தில் அச்சடிப்பாய் என்று கேட்டார். காட்டினேன்.

"இன்னும் பெருசாப் போடு. இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் கண்ணு தெரியாது."

திங்கட்கிழமை காலை பட்டியலை ஒட்டினேன். பேருந்து வந்து பலகைக்கு எதிரே நின்றது. பிரெஞ்சுக்காரர் நீரூற்றில் குடத்தை வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மூன்று தலைகள் ஜன்னலில் நீண்டு, பட்டியலை எழுத்துக் கூட்டிப் படித்தன. ஸ்டியரிங்கைப் பிடித்த அக்காவின் கையை நான் பார்த்தேன். சாவியைத் திருப்பவில்லை.

நடுவில் இருந்த பெண் இனேஸ், பல் விழுந்த வாயைத் திறந்து மெல்ல, "ம்மா" என்றாள்.

பிரெஞ்சுக்காரர் திரும்பினார். தொப்பியைக் கழற்றினார். பிறகு கழுத்தை நீட்டி, வயிற்றிலிருந்து இழுத்து, ஒரு கன்றைத் தொலைத்த பசுவைப்போல நீளமாக ஒரு ம்மா போட்டார். இரட்டைப் புகைபோக்கி வீட்டு நாய் குரைத்தது. பிள்ளைகள் மூன்றும் இருக்கையில் விழுந்து சிரித்தன. அறுபது வருஷம் அடக்கி வைத்திருந்தால் அப்படித்தான் வரும்போல.

ஜூன் பத்தொன்பதில் பாதை பதிவானது. ஜூலை ஒன்றாம் தேதி அக்கா பேருந்தின் பின்னால் டிரெய்லரைக் கோத்து, ஒன்பது சைக்கிள்களோடு கணவாய்க்குப் போனார். கிடங்குக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஓட்டங்களின் நேரத்தை எழுதி அதே கண்ணாடிக்கு மேல் சொருகியிருக்கிறார். ஆகஸ்டில் கூட்டம் தாங்கவில்லை. அடுத்த கோடைக்கு இன்னொரு ஓட்டுநர் வேண்டும் என்று ஊராட்சிக்கு எழுதியிருக்கிறார், அந்த விண்ணப்பம் என் மேசையில்தான் இருக்கிறது. கீழூருக்குக் குடிபோகலாம் என்று இருந்த இனேஸின் அப்பா நேற்று வந்து, கனரக வண்டி உரிமத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எட்டாவது வளைவு மட்டும் அக்காவுக்குக் கவலையாகவே இருந்தது. முன்னால் வருவது தெரியாத திருப்பம். மெதுவாகப் போங்கள் என்று மூன்று மொழியில் பலகை வைத்தும் யாரும் கேட்கவில்லை. ஜூலை நடுவில் ஒருநாள் போய்ப் பார்த்தால், வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு கம்பம் நட்டு, அதில் மாட்டுக் கழுத்து மணி ஒன்று தொங்கியது. தலை அளவுக்குப் பெரியது. கீழே பலகையில் சுழி வைத்த எழுத்து: 'மான்யோ வளைவு. மணி அடித்துவிட்டுப் போகவும்.' ஒரு கையை விட்டு மணியை எட்ட வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மூன்று மொழிப் பலகை செய்யாததை அது செய்தது.

மணி அடிக்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சுக்காரர் வளைவுக்கு அந்தப் பக்கம், பாறை நிழலில், ரொட்டியும் நெத்திலியும் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். மணிச் சத்தம் இல்லாமல் சக்கரச் சத்தம் மட்டும் வந்தால் கழுத்தை நீட்டி ஒரு ம்மா போடுகிறார். பாதையில் மாடு நிற்கிறது என்று நினைத்து, எப்பேர்ப்பட்டவனும் பிரேக்கைப் பிடித்துவிடுகிறான்.